சாயல்குடிப் பக்கம் விழுந்த பெட்டி

அந்தச் சனிக்கிழமை காலை மதுரையில் ஒரு கல்லூரி மைதானத்திலிருந்து ரப்பர் பலூன்களை ஒரே கயிற்றில் சரமாகக் கோத்துப் பறக்கவிட்டார்கள். சரத்தின் அடியில் வெள்ளைப் பெயிண்ட் அடித்த அலுமினியப் பெட்டி ஒன்று தொங்கியது. நான் அப்போது மதுரையில் இல்லை. ராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில், தியோடலைட்டுக்கு ஒரு கண்ணைக் கொடுத்து, இன்னொரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வடமேற்கு வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

தியோடலைட் என்பது கோணம் அளக்கும் தொலைநோக்கி. தரை அளப்பவர்கள் வயலுக்கும் சாலைக்கும் வைப்பதை நாங்கள் வானத்துக்கு வைத்திருந்தோம். மதுரையில் ஒன்று, ராமநாதபுரத்தில் ஒன்று. இரண்டு ஊரிலிருந்தும் ஒரே நொடியில் பலூனைப் பார்த்துக் கோணம் எடுத்தால், இரண்டு பார்வைக் கோடுகளும் வெட்டிக்கொள்கிற இடத்தில் பலூன் இருக்கும். பெட்டி எங்கே விழுகிறது என்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் மாசக்கணக்கான வேலை போச்சு.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. பௌதிகம் படித்துவிட்டு, வடக்கே வெகுதூரத்தில் ஒரு பெரிய நகரத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் மைக்ராஸ்கோப் பார்க்கும் வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. "அந்தக் கண்ணாடிக்குள்ள நாளெல்லாம் அப்படி என்னத்தத்தான் பாக்குற?" என்று அம்மா கேட்காத விடுமுறை இல்லை. நான் பார்த்தது போட்டோத் தகடுகளை. சாதாரணத் தகட்டைவிடப் பன்மடங்கு தடிமனாக மருந்து பூசிய தகடுகள். வானத்துக்கு அப்பாலிருந்து காஸ்மிக் கதிர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கதிர் என்று பெயரே தவிர, அவை அணுவைவிடச் சிறிய துகள்கள். அந்தத் தகட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு துகள் போனால், போன வழி கறுப்புப் புள்ளிகளாகப் பதிந்துவிடும். தகட்டைக் கழுவி மைக்ராஸ்கோப்பில் வைத்து அந்த வழியை அளந்தால், போனது எது, எவ்வளவு வேகம் என்று கண்டுபிடிக்கலாம். தரைக்கு வருவதற்குள் காற்று அவற்றைச் சிதைத்துவிடுவதால் தகட்டைத்தான் மேலே அனுப்ப வேண்டும். பூமியின் காந்தம் வேகம் குறைந்த துகள்களையெல்லாம் விலக்கிவிடுவதால் நம் தெற்குச் சீமைக்கு வந்து சேர்பவை சூரப்புலிகள் மட்டுமே. அதற்காகத்தான் தெற்கே வந்திருந்தோம். ராமநாதபுரம் எனக்குச் சொந்த ஊர் என்பதால் அந்த மாடி எனக்குக் கிடைத்தது.

என்னுடன் இருந்தவர் எங்கள் கூடத்து விஞ்ஞானி. வங்காளத்துக்காரர், முப்பதைத் தாண்டியவர், எப்போதும் குடை வைத்திருப்பார். அந்தக் குடையை இப்போது என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, மற்றொரு கையில் கடிகாரத்துடன் நின்றார். இதற்கு முன்னால் அவர் அனுப்பிய இரண்டு பலூன்களில் ஒன்று கடலோடு போனது. இன்னொன்றை எடுத்தவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று ஆவலாகப் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். வெயில் பட்ட தகடு அடுப்புக்கரிக்குச் சமம். மூன்றாவதும் போனால் நான்காவதுக்கு யாரும் அனுமதி தரப்போவதில்லை என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

"கிடைத்ததா?" என்று ஒவ்வொரு நிமிஷமும் கேட்டார். நாங்கள் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வோம்.

"இல்லை சார்."

"இப்போது?"

"சார், குடை ஆடுகிறது."

திடீரென்று, நீல வானத்தில் ஒரு முத்து. நகர்த்திய குழாயை மெல்ல மெல்லத் திரும்பக் கொண்டுவந்தேன். முத்து இல்லை, முத்துச்சரம். ஒன்றன்கீழ் ஒன்றாகப் பலூன்கள், மேலே போகப்போக ஊதிப் பெருத்து, வெயிலில் மினுங்கிக்கொண்டு தொங்கின. பத்து மைலுக்கும் அதிக உயரத்தில் இருந்ததை என் கண்ணுக்குள் வைத்திருந்தேன்.

"புடிச்சிட்டேன்! புடிச்சிட்டேன்!" என்று தமிழில் கத்தினேன். அவருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. குடையைப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

அதன்பிறகு நிமிஷத்துக்கொரு கோணம். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். மத்தியானச் சாப்பாட்டுடன் என் அப்பா மாடிக்கு வந்தார்; எங்கள் வீட்டில் அவர் அய்யா. அய்யாவுக்கு ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன் வேலை, தண்டவாளம் மாற்றிவிடுவது. முந்தின இரவு டூட்டி முடித்துத் தூங்காமல் வந்திருந்தார். ஒரு நிமிஷ இடைவெளியில் அவரைக் குழாயில் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். நிமிர்ந்தார். வெறுங்கண்ணால் வானத்தைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மறுபடி குழாயில் பார்த்தார்.

"இதப் பாக்கத்தான் உன்ன அம்புட்டுத் தூரம் அனுப்பிச்சனா?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

நண்பகல் தாண்டியதும் பலூன்கள் ஒவ்வொன்றாக வெடிக்க ஆரம்பித்தன. சத்தம் ஏதும் இல்லை. சரத்தில் ஒரு முத்து இருக்கும், அடுத்த பார்வையில் இராது. மிச்சமிருந்தவை பெட்டியைத் தாங்கிக்கொண்டு இறங்கின. மேற்கும் தென்மேற்குமாக அது தாழ்ந்துகொண்டே போய், அடிவானத்துப் புகைமூட்டத்தில், பனந்தலைகளுக்குக் கொஞ்சம் மேலே மறைந்தது. அது மறைந்த பிறகும் நான் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தந்தி ஆபீசுக்கு ஓடினோம். மதுரைக்கு டிரங்க் கால் போட்டு, கிடைக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்து, கிடைத்ததும் தொண்டை கிழியக் கோணங்களைக் கத்தி மாற்றிக்கொண்டோம். பிறகு பள்ளிக்கூடத்து ஒரு வகுப்பறையில் நான்கு பெஞ்சுகளைச் சேர்த்துப்போட்டு வரைபடத்தை விரித்தோம். மதுரைக் கோட்டை அவர் போட்டார், ராமநாதபுரத்துக் கோட்டை நான் போட்டேன். இரண்டும் சாயல்குடிக்குத் தெற்கே, கரையைத் தாண்டி, கடலுக்குள் வெட்டிக்கொண்டன.

அவர் பென்சிலை வைத்தார். பிறகு, "கடல்தான் எனக்கு எழுதியிருக்கிறது போலும்" என்றார். மறுபடி டிரங்க் கால் போட்டபோது மதுரையில் இருந்த எங்கள் தலைவரும் அதையேதான் சொன்னார். கருவிகளைக் கட்டிக்கொண்டு மறுநாள் வந்துவிடுங்கள் என்றார்.

எனக்கு அழுகை முட்டியது. அழாமல் இருப்பதற்காக ஏதாவது கணக்குப் போட உட்கார்ந்தேன். திசைக் கோணம் மட்டும் இல்லாமல் ஏற்றக் கோணமும் எடுத்திருந்தோம். அதைக் கொண்டு பலூன் இருந்த உயரத்தை மதுரைக் கோணத்திலிருந்து ஒரு தடவையும், என் கோணத்திலிருந்து ஒரு தடவையும் தனித்தனியாகக் கணக்கிடலாம். ஒரே பலூன், ஒரே நொடி; இரண்டு உயரமும் ஒன்றாகத்தான் வர வேண்டும்.

வரவில்லை.

முதல் நிமிஷத்துக்கு வரவில்லை. கூட்டலில் பிசகு என்று நினைத்து அடுத்த நிமிஷத்தைப் போட்டேன். அதற்கும் வரவில்லை. பத்து இடத்தில் போட்டுப் பார்த்தேன். பத்திலும் வித்தியாசம், அதுவும் ஒரே பக்கமாகச் சாய்ந்த வித்தியாசம். கண் தவறியிருந்தால் ஒருமுறை இப்படி இருக்கும், ஒருமுறை அப்படி இருக்கும். எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது என்றால் கருவி எதையோ பிடிவாதமாகத் தப்பாகச் சொல்கிறது.

"சார், நம்முடைய வடக்கு வடக்கு இல்லை!"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

தியோடலைட்டை வைத்ததும் முதலில் அதற்குத் திசை சொல்லிக்கொடுக்க வேண்டும். வரைபடத்தில் குறித்திருக்கும் ஓர் அடையாளத்தை நோக்கி வைத்து, அதன் திசையை வரைபடத்திலிருந்து எடுத்து, அதிலிருந்து மற்றவற்றை அளக்க வேண்டும். நாங்கள் வைத்த அடையாளம் ரயில் நிலையத்துத் தண்ணீர்த் தொட்டி. ஊரிலேயே உயரமானது, மாடியிலிருந்து பளிச்சென்று தெரிவது. அதில் ஏதோ கோளாறு என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தோன்றினால் போதுமா? எவ்வளவு கோளாறு, எந்தப் பக்கம் கோளாறு என்று அளந்து சொல்ல வேண்டும்.

"சூரியனை வைத்துப் பார்க்கலாம்" என்றார். அவர் குரலே மாறிவிட்டது. "இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது?"

சன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெயில் மஞ்சளாகியிருந்தது. இருவரும் படியில் ஓடினோம்.

சூரியன் எந்த நாளில் எந்த நேரத்தில் எந்தத் திசையில் இருக்கும் என்பதற்கு அட்டவணை இருக்கிறது. வரைபடத்தில் தப்பு வரலாம், சூரியன் இடம் மாறி நிற்காது. குழாயில் கண்ணை வைத்தால் கண் போய்விடும் என்பதால், பின்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து அதில் சூரியனின் உருவத்தை விழவைத்தோம். தை மாதத்துச் சூரியன், பனங்காட்டுக்கு மேல் ஒரு சாண் இருக்கையில், சின்ன வெள்ளித் தட்டுப்போலக் காகிதத்தில் வந்து உட்கார்ந்தது. கோணம் எடுத்தேன். மறுபடி எடுத்தேன். அது மரங்களுக்குள் இறங்கும்வரை எடுத்துக்கொண்டே இருந்தேன்.

அரிக்கேன் விளக்கைக் கொளுத்தி அட்டவணையைப் புரட்டினோம். வித்தியாசம் மூன்று பாகை. எல்லாக் கோணத்திலும் அதே மூன்று பாகை. அதைத் திருத்தி உயரங்களைத் திரும்பக் கணக்கிட்டால், மதுரை சொன்னதும் நான் சொன்னதும் கையும் கையும் சேர்ந்தாற்போல ஒன்றாக வந்தன. அவர் எண்களை வாசித்தார், நான் வாசித்தேன், இருவரும் ஒரே எண்ணைச் சொன்னோம். அவர் வங்காள மொழியில் ஏதோ கூவினார்.

வரைபடத்தில் என் கோட்டை அழித்துவிட்டுப் புதுக் கோடு போட்டேன். மதுரைக் கோட்டை அது வெட்டிய இடம் கடலிலிருந்து கரையேறி வந்து, உப்பளத்துக்கு வடக்கே பனங்காட்டுக்குள் நின்றது.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது அய்யாவிடம் கேட்டேன். "தண்ணித் தொட்டியா? யுத்தம் முடிஞ்ச கையோட பழசு ஒழுகுதுன்னு இடிச்சுட்டு, கெழக்க தள்ளிப் புதுசு கட்டுனாகல்ல? நீகூட அப்ப வேடிக்கை பாக்க வந்தியேம்மா" என்றார். எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. எங்கள் வரைபடமோ யுத்தத்துக்கு முந்தியது. அய்யாவுக்குக் கோளாறு முழுவதையும் விளக்கியதில் சோறு ஆறிப்போனது.

மதுரைக்குத் திரும்ப வேண்டிய எங்கள் ஜீப், விடிந்தும் விடியாமலும் சாயல்குடிக்குக் கிளம்பியது. டிரைவர் மதுரைக்காரர், ஆள் பேச்சுக்குச் சளைக்காதவர். சாயல்குடியில் டீக்கடையில் நிறுத்தி, "நேத்து மத்தியானம் வானத்துலருந்து எதுவும் விழுந்துச்சா?" என்று அவர் கேட்டதும் கடையே எங்களைச் சுற்றிக்கொண்டது. ஒருவர் சத்தம் கேட்டது என்றார். ஒருவர் புகை பார்த்ததாகச் சொன்னார். ஒருவர் ஆகாயக் கப்பல் என்றார். பெட்டி சத்தமும் போடாது, புகையும் விடாது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, சூடு ஏறினால் தகட்டில் பதிந்த தடங்கள் மங்க ஆரம்பித்துவிடும். விஞ்ஞானி வானத்தையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நாங்கள் குறித்த இடத்துக்கு ஜீப் போகாது. மணல். இறங்கி நடந்தோம். உப்பளத்து வரப்பைத் தாண்டி, முள் நிறைந்த உடைமரங்களைத் தாண்டி, பனங்காட்டுக்குள் ஏழெட்டுக் கூரைகள் இருந்த ஒரு குடியிருப்புக்கு வந்தோம். ஆண்கள் எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக விஞ்ஞானி, காக்கிச் சட்டையில் டிரைவர், புடவையைத் தூக்கிச் செருகிய நான். போலீஸ் என்று நினைத்திருப்பார்கள். "இங்கன ஒண்ணும் விழலயே" என்றார் ஒருவர். "நாங்க ஒண்ணும் பாக்கலயே" என்றார் அடுத்தவர்.

திரும்பலாம் என்று டிரைவர் சொன்னார். அப்போதுதான் பார்த்தேன். ஒரு வீட்டின் ஆட்டுக்கிடைப் படலைச் சேர்த்துக் கட்டியிருந்த கயிறு வெள்ளைவெளேர் என்று இருந்தது. அந்தப் பக்கத்தில் பனைநாரும் தென்னங்கயிறும்தான். இது நைலான். ராமநாதபுரம் வருமுன் மதுரையில் நானே முடிச்சுப் போட்ட நைலான்.

"சார்!" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். ஒருநாளும் தொட்டுப் பேசியதில்லை.

அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் மண்வெட்டி. படலையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். கயிற்றை மறைத்தாற்போல் நின்றாள்.

"அக்கா, இந்தக் கயிறு எங்களோடது. இதுல ஒரு பெட்டி கட்டியிருந்துச்சு. வெள்ளப் பெட்டி" என்றேன்.

"நீ எந்த ஊரு?"

"ராம்நாடுதாங்க்கா. டேசன்கிட்ட. எங்க அய்யா பாயிண்ட்ஸ்மேன்."

அதைக் கேட்டதும் அவள் முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் விடவில்லை. "ஒம் பெட்டின்னா அதுல என்ன எழுதியிருக்கு, சொல்லு."

சொன்னேன். "இது ஆராய்ச்சிப் பெட்டி. அபாயம் இல்லை. தயவுசெய்து திறக்க வேண்டாம். வெயிலில் வைக்க வேண்டாம்." தமிழில் அதை எழுதியதே நான்தான்.

"கொழுந்தன் மகன் படிச்சுச் சொன்னது அச்சு அசலா இதுதான்" என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நேத்து ஆட்ட ஓட்டிட்டு வரயில, ரப்பரு ரப்பரா தொங்கிக்கிட்டு ஒடமரத்துல மாட்டியிருந்துச்சு. எங் கொழுந்தன் ஒடைப்போம், உள்ள பித்தள இருக்கும்ங்கறாரு. அவுக சேக்காளி சர்க்காருக்குத் தெரிஞ்சா உள்ள தள்ளிருவாகங்கறாரு. ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டு நிக்காக. நான் பாத்தேன். ரெண்டு பேரு கண்ணுலயும் படாம வச்சுட்டேன்."

"எங்கன வச்சீக?"

அவள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டின் பின்பக்கம் நடந்தாள். பின்னாலேயே போனோம். பனங்கொட்டைகளைப் புதைத்து மணல் மூடிய கிழங்குப் பாத்தி அங்கே நீளமாகக் கிடந்தது. தினமும் தண்ணீர் தெளித்த ஈர மணல். ஒரு மூலையில் அவள் வெட்ட ஆரம்பித்தாள். விஞ்ஞானிக்குப் புரிந்துவிட்டது. குடையைத் தூக்கி எறிந்துவிட்டு மண்டியிட்டு இரண்டு கையாலும் மணலை அள்ளினார். நானும் அள்ளினேன். கிழங்கின் கூர்முனைகள் விரலில் குத்தின. ஒரு முழம் ஆழத்தில் வெள்ளைப் பெயிண்ட் தெரிந்தது.

அவர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார். அப்படியே வைத்திருந்தார். பிறகு என் கையை எடுத்து அதன்மேல் வைத்தார். பானைத் தண்ணீர்போல ஜில்லென்று இருந்தது. மெழுகு வைத்த மூடியில் ஒரு கீறல் இல்லை.

"நன்றி சொல், நன்றி சொல்" என்று என்னை அவசரப்படுத்தினார். நான் சொல்வதற்குள் அவரே அவளைப் பார்த்துக் கைகூப்பினார். அவள் வெட்கப்பட்டு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இது நெசமாவே மேல போயிட்டு வந்ததா தாயி? எம்புட்டு ஒசரம்?" என்று என்னிடம் கேட்டாள்.

எப்படிச் சொல்வது? "இங்கருந்து முதுகுளத்தூரு போற தூரம் இருக்குல்லக்கா, அத அப்படியே நட்டுவச்சா, அம்புட்டு ஒசரம்."

"ஆத்தி!" என்று அண்ணாந்து பார்த்தாள். "அங்கன என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. காத்துகூடக் கொஞ்சந்தான்."

"பெறகு எதுக்கு அம்புட்டுத் தூரம் அனுப்புனீக?"

"அதுக்கும் மேலருந்து ஒண்ணு வருது. அதப் புடிக்க."

"மாட்டுச்சா?"

"இனிமேத்தான் பாக்கணும்."

"மாட்டியிருக்கும், போ" என்றாள், நாங்கள் ஏதோ மீன்பிடிக்கப் போனவர்கள்போல. பனங்கிழங்கு ஒரு கட்டைப் பிடுங்கி என் கையில் திணித்தாள். கயிறு அவளுக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். பித்தளைக்கு ஆசைப்பட்ட கொழுந்தனாரே ஜீப் வரை வந்து, பெட்டியைத் தானே தூக்கி வைப்பேன் என்று பிடிவாதம் பிடித்து, தூக்கியும் வைத்தார்.

தகடுகளை வடக்கே எங்கள் கூடத்துக்குக் கொண்டுபோய்த்தான் முறையாகக் கழுவ முடியும். அதற்கு ரயிலில் மூன்று நாள். ஆனால் பெட்டியில் சோதனைக்கென்றே ஒரு மெல்லிய தகடு வைத்திருந்தோம். அதை மட்டும் இங்கேயே கழுவிப் பார்க்கலாம். அதற்கு வேண்டியவை மூன்று: ஓர் இருட்டறை, ஐஸ், நல்ல மைக்ராஸ்கோப். மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். மண்டபம் என்ற கடற்கரை ஊரில் மீன் ஆராய்ச்சி செய்கிறவர்கள் இருந்தார்கள்.

முன்பின் தெரியாதவர்கள் வெயிலில் வந்து நின்று, "வானத்திலிருந்து விழுந்த பெட்டி இருக்கிறது, உங்கள் இருட்டறையைக் கொடுங்கள்" என்றால் யார் கொடுப்பார்கள்? அங்கே இருந்த ஓர் ஆராய்ச்சியாளர் கொடுத்தார். மத்தி மீனின் செதிலில் இருக்கும் வளையங்களை எண்ணி மீனுக்கு வயது சொல்கிறவர் அவர். நாங்கள் சொன்னதைப் பாதிகூடக் கேட்கவில்லை. "ஐஸ் எவ்வளவு வேண்டும்?" என்று மட்டும் கேட்டார். மீன்கூடையிலிருந்து வந்த ஐஸ். மருந்துத் தட்டைச் சுற்றி அதை அடுக்கியபோது இருட்டறை முழுவதும் கவிச்சி அடித்தது. சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் விஞ்ஞானி பெட்டியைத் திறந்து அந்த ஒரு தகட்டை எடுத்து, மிச்சத்தைத் திரும்ப மெழுகிட்டு மூடினார். தகட்டை மருந்திலிருந்து எடுத்து, நிலைப்படுத்தும் உப்புநீரில் போட்டு, அது தெளிவதற்காக மறுநாள் வரை காத்திருந்தோம். மத்தி ஆராய்ச்சியாளரின் வீட்டில் அவர் மனைவி எனக்குப் பாய் போட்டுக் கொடுத்தார். படுத்தேனே தவிர உறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் தகடு காய்ந்தது. கடற்காற்று உள்ளே வந்துகொண்டிருந்த ஓர் அறையில், சன்னலோரம் மைக்ராஸ்கோப். ஆராய்ச்சியாளர் தன் செதில்களை எடுத்துவிட்டு இடம் கொடுத்தார். தகட்டை வைத்தேன். இந்த வேலைக்குத்தானே எனக்குச் சம்பளம். முதலில் பார்க்கும் உரிமையை விஞ்ஞானி எனக்கு விட்டுக்கொடுத்தார். என் பின்னால் நின்றவர்களின் மூச்சு கழுத்தில் பட்டது.

மேடையைத் திருகி மெல்ல நகர்த்தினேன். பின்னணி மூட்டம் இல்லாமல் தெளிவாக இருந்தது. அதுவே பாதி உயிரைத் திரும்பக் கொடுத்தது. அங்கங்கே மெல்லிய கோடுகள். இன்னும் நகர்த்தினேன். ஒரு மூலையிலிருந்து தடிமனாக ஒன்று நுழைந்தது. கம்பளிப்பூச்சிபோல இரண்டு பக்கமும் ரோமம் ரோமமாக நீட்டிக்கொண்டிருந்த கறுப்புத் தடம். லேசான துகள் எதுவும் இப்படித் தடம் போடாது. கனத்த அணுக்கரு ஒன்று, எங்கேயோ எத்தனையோ காலத்துக்கு முன்னால் கிளம்பி, எதிலும் மோதாமல் வந்திருக்கிறது. திருகைவிட்டுக் கையை எடுக்காமல் அதன்பின்னாலேயே போனேன். போய்க்கொண்டே இருந்தது. சட்டென்று நின்றது. நின்ற இடத்தில், தகட்டின் மருந்திலிருந்த ஓர் அணுவோடு மோதி வெடித்திருக்கிறது. ஒரே புள்ளியிலிருந்து எல்லாத் திசையிலும் கோடுகள் சிதறிப் பூத்திருந்தன. எங்கள் பேச்சில் அதற்கு நட்சத்திரம் என்று பெயர்.

"நட்சத்திரம்!" என்றேன். மறுபடி சொன்னேன்.

விஞ்ஞானி குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை. கடைசியில் நான்தான், "சார், அளக்க வேண்டாமா?" என்று எழுப்ப வேண்டியதாயிற்று. நான் அளவுகோலை நகர்த்தி நீளத்தைச் சொல்ல, இருபக்க ரோமங்களை எண்ணிச் சொல்ல, அவர் எழுதினார். தடத்தின் நீளம் மொத்தத்தில் ஓர் எள்ளைத் தாண்டாது. எண்ணி முடித்ததும் கனத்தைத் தோராயமாகக் கணக்கிட்டார். இரும்பாக இருக்கலாம் என்றார். அது இரும்புதானா என்று சரிபார்க்கப் பிறகு எனக்கு ஒரு மாதம் பிடித்தது. இரும்புதான்.

டிரைவரும் பார்த்தார். ஆராய்ச்சியாளர் பார்த்துவிட்டு, தன் மனைவியை வீட்டிலிருந்து வரவழைத்துக் காட்டினார். ஐஸ் சுமந்து வந்தவர் பார்த்துவிட்டு, "மத்தாப்பு மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னதுதான் சரி, அப்படியேதான் இருந்தது.

மதுரைக்குச் சொல்ல வேண்டும். தந்தி ஆபீசில் டிரங்க் கால் கிடைத்தபோது விஞ்ஞானி, நீயே சொல் என்று போன் குழாயை என்னிடம் கொடுத்துவிட்டார். மறுமுனையில் தலைவர் கரகரவென்று, "என்ன ஆச்சு? கேட்கவில்லை, சத்தமாகச் சொல்" என்றார். அவர் தமிழர். நான் தமிழிலேயே கத்தினேன்: "சார், பெட்டி பத்திரம்! நட்சத்திரம் இருக்கு! ரொம்ப அழகான நட்சத்திரம்!"

தலைவர் பதில் சொல்வதற்குள், லைனைச் சேர்த்துவிட்டு நடுவில் கேட்டுக்கொண்டிருந்த எக்ஸ்சேஞ்சுக்காரர் பொறுக்கமாட்டாமல் உள்ளே புகுந்தார்.

"என்ன நட்சத்திரம்மா? கொழந்த ஆணா, பொண்ணா?"

சிரிப்பை அடக்க முடியாமல் குழாயைக் கீழே வைத்துவிட்டேன். விஞ்ஞானி என்னவென்று கேட்டார். இங்கிலீஷில் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், தந்தி ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு, அவருக்கு முதலில் ஜாதகத்திலிருந்து விளக்க ஆரம்பித்தேன்.